திங்கள், புதன், சனி

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டோம். மீன் தேக்கா சந்தையில் நான் வாங்கி வந்தது. குழம்பும் நான் வைத்ததுதான். நான் அதை வஞ்சிரம் என்றேன். என் தந்தையின் ஊரான தங்கச்சிமடத்திலிருந்து வந்து, துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் பையன், "எங்க ஊர்ல இது சீலா, மாமா" என்றான். எதிர்வீட்டு அக்கா மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவர், 1980-களில் திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல அறக்குளா" என்றார். ஒரு மீனுக்கு ஒரே மொழியில் மூன்று பெயர் இருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தோம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இருவரும் சிறு வயதில் போயிருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. ஒருவர் கிழக்கிலிருந்து படகேறியவர், மற்றவர் மேற்கிலிருந்து.

அக்காவின் தம்பி இன்னமும் பேசாலையில் கடற்றொழில் செய்கிறார். பையனின் அப்பா ராமேசுவரத்து விசைப்படகு ஒன்றில் பங்குக்குப் போகிறார். இது தெரிந்ததும் அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல், "தம்பி, திங்கள், புதன், சனி எண்டா எங்கட ஆக்கள் வலை விடுறேல்லை. ஏனெண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்மா. அன்னைக்குத்தான் எங்க போட்டு போகும்" என்றான்.

பாக் நீரிணையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். செய்தித்தாள்களும் ஆய்வறிக்கைகளும் எனக்குச் சொல்லாத ஒன்றை அந்த இரண்டு வாக்கியங்கள் சொல்லிவிட்டன. ஒரு கரையின் தொழில் நாட்காட்டியை மற்றொரு கரையின் எந்திரங்கள் எழுதுகின்றன. வாரத்தில் மூன்று இரவுகள், பேசாலையிலும் அதைச் சுற்றிய கரைகளிலும் செவுள்வலைக்காரர்கள், மீனின் செவுள் சிக்கும்படி கடலில் வலை விரித்து வைப்பவர்கள், தங்கள் வலையைக் கரையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மீறி வலை விட்டால், விடியும்போது அதன் மிதவைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் என்ற அச்சம். கடனுக்கு வாங்கிய வலை ஒரே இரவில் போய்விட்டால், அதை மீட்க ஒரு பருவம் முழுவதும் உழைக்க வேண்டும்.

இந்த மூன்று நாள் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அது இரு நாட்டுச் சண்டையிலிருந்து வந்ததன்று. ராமேசுவரக் கரையிலேயே 1970-களில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கைகலப்பு முற்றியதால், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டார்கள். 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. விசைப்படகுகள் இழுக்கும் இழுவை மடி முதலில் அறுத்தது தமிழ்நாட்டு நாட்டுப்படகுக்காரரின் வலையைத்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இழுவை மடி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது. அது ஒரு பெரிய வலைப் பை. அதன் வாயை இருபுறமும் இரண்டு கனத்த பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. கீழ் விளிம்பில் கட்டிய சங்கிலியும் ஈயமும் கடலடித் தரையை உரசிக்கொண்டே போகின்றன. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. அந்தத் தரையில் கடற்புல் வளர்கிறது. கடற்பசு அதை மேய்கிறது. இறாலும் குஞ்சு மீன்களும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. தமிழ்நாடு அரசு 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அந்தக் கடற்புல்லை நம்பித்தான். பலகையும் சங்கிலியும் போன வழியில் அந்தப் புல் பெயர்ந்து விடுகிறது. மேலே வரும் மடியில் விலைபோகும் இறாலும் மீனும் ஒரு பங்கு. மீதியெல்லாம் விரல் நீளக் குஞ்சுகளும் உடைந்த நண்டுகளும் பெயரில்லாத சில்லறை மீன்களும். ராமேசுவரத்தில் அதற்குச் சங்காயம் என்று பெயர். பையன் கையை முழங்கைவரை காட்டி, "இவ்ளோ சங்காயத்துக்குள்ள கைய விட்டுத்தான் மாமா நல்ல மீனப் பொறுக்குவோம்" என்றான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் இரண்டு மாதம் அவன் அந்த வேலையைச் செய்திருக்கிறான். சங்காயம் காய்ந்து கருவாடாகி, அரைபட்டு, மீன்தூளாகிக் கோழிக்கும் பண்ணை மீனுக்கும் தீவனமாகப் போகிறது. நாளைக்குச் சீலாவாகவும் பாறை மீனாகவும் வளர்ந்திருக்க வேண்டியவை அந்தக் குவியலில் எத்தனையோ.

1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த போர், வடக்கு மாகாணக் கடற்றொழிலாளரைக் கடலிலிருந்து அகற்றி வைத்தது. கடலுக்குப் போகத் தடை, எந்திரம் வைக்கத் தடை, இடப்பெயர்வு. ஆள் இறங்காத அந்தக் கடலில் மீன் பெருகியது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் அதே ஆண்டுகளில் விசைப்படகுகள் பெருகின. ராமேசுவரத்துக்கு எதிரே எல்லைக்கோடு மிக அருகில் கிடக்கிறது. கரையோரக் கடல் சட்டப்படி ஆகாது. நடுவில் எஞ்சிய குறுகிய பட்டை அத்தனை படகுகளுக்கும் எந்நாளும் போதாது. எனவே அவை எல்லை தாண்டின. தாண்டுவது பழக்கமாகி, பழக்கம் உரிமையாகப் பேசப்பட்டது. 2009-க்குப் பிறகு வடக்கின் மக்கள் திரும்பி வந்து, இருந்த காசைப் போட்டு வலை வாங்கிக் கடலில் இறங்கியபோது, அங்கே மடி ஓடிக்கொண்டிருந்தது.

இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டத்தால் முற்றிலும் தடை செய்தது. இந்தியாவும் அதே ஆண்டு, பாக் விரிகுடாவின் 2,000 விசைப்படகுகளை மாற்றி, ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் படகுகள் தருவதற்குத் திட்டம் தீட்டியது. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய்; அதில் 70 விழுக்காடு மானியம். தாளில் நல்ல திட்டம். ஆனால் போன மறுநாளே கரையேறிப் பழகிய மக்கள், வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு ஓர் அரசாணையால் மாறிவிட மாட்டார்கள். எண்ணிக்கை இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. அதற்கு முன்பே 2010-ல் இரு கரைத் தொழிலாளரும் நேரில் உட்கார்ந்து பேசி, ஓராண்டுக்குள் இழுவை மடியைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டதும் உண்டு. அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை.

2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. அவர்களில் படகு உரிமையாளர் மிகச் சிலர். சிறைக்குப் போனவர்கள் பையனின் அப்பாவைப் போலப் பங்குக்குப் போனவர்கள். அவர்களைச் சுடுவதையும் அடிப்பதையும் மாதக்கணக்கில் சிறையில் வைப்பதையும் எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. அதை எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் மேடைகளும் நாளிதழ்களும் "தமிழக மீனவர்கள் கைது" என்று எழுதிய கையோடு பேனாவை மூடிவிடுகின்றன. வலையைப் பறிகொடுத்தவரும் தமிழர்தான், அவரும் மீனவர்தான் என்பது அந்தத் தலைப்புக்குள் அடங்குவதில்லை.

மீனவர் என்ற அந்த ஒற்றைச் சொல்லிடம்தான் எனக்கு வழக்கு. பல படகுகளை வைத்துக் கரையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரும் மீனவர். அவருடைய படகில் மீன்பாடு கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் வெறுங்கை என்று போகிறவரும் மீனவர். நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவரும், கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பெண்ணும் அதே சொல்லுக்குள் நிற்கிறார்கள். உதவி என்று வரும்போது மட்டும் அந்தச் சொல் பிரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வரிவிலக்கு டீசல் ஒரு விசைப்படகுக்குக் கிடைக்கும் அளவு, எந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்குக் கிடைப்பதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பாசி எடுக்கும் பெண்ணுக்கு டீசலே தேவையில்லை. ஆகவே அந்தக் கணக்கில் அவள் இல்லவே இல்லை.

இந்தச் சொல் ஜெனீவா வரைக்கும் போயிருக்கிறது. உலக வர்த்தக நிறுவனத்தில் மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு 2001-ல் தோஹாவில் தொடங்கியது. அதற்கு முடிவு கட்ட 21 ஆண்டுகள் ஆயின. 2022 ஜூன் 17 அன்று எட்டிய உடன்பாடு, சட்டவிரோதமாகப் பிடிப்பவர்களுக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் வகைகளைத் துரத்துகிறவர்களுக்கும், எந்த ஒழுங்கும் இல்லாத பொதுக்கடலில் பிடிப்பவர்களுக்கும் அரசுப் பணம் போகக்கூடாது என்கிறது. 2023 பிப்ரவரியில் அதை ஏற்று ஆவணம் அளித்த இரண்டாவது நாடு சிங்கப்பூர். அது 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மிகப் பெரிய பகுதி மட்டும் வெளியே விடப்பட்டிருக்கிறது: படகுகளின் எண்ணிக்கையையும் வலிமையையும் பெருக்கும் மானியங்கள். உலக அரசுகள் 2018-ல் மீன்பிடித் தொழிலுக்குத் தந்த மானியம் சுமார் 35 பில்லியன் அமெரிக்க டாலர் என்றும், அதில் 22 பில்லியன் இத்தகைய பெருக்கும் மானியம் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். எரிபொருள், புதுப் படகு, புது எந்திரம். மீன் குறைந்து தொழில் நட்டத்தில் ஓடவேண்டிய இடத்தில், படகை மேலும் தொலைவுக்கு அனுப்புவது இந்தப் பணம்தான்.

2024-ல் அபுதாபியில் அந்தப் பகுதியை முடிக்க முயன்றபோது முடியாமல் போனது. முன்னின்று எதிர்த்த நாடுகளில் இந்தியா ஒன்று. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும். 200 கடல் மைலுக்குள் பிடிக்கும் ஏழை மீனவரைத் தொடக்கூடாது. தொலைகடலில் பிடிக்கும் பணக்கார நாடுகளின் மானியத்தை முதலில் நிறுத்துங்கள் என்றது இந்தியா. இதில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவும் ஜப்பானும் சீனாவும் அரசுப் பணத்தில் கட்டிய கப்பல்களைக் கொண்டு அடுத்தவர் வாசல்வரை போய் அள்ளியவை. இந்தியா தன் மீனவக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தருவது 15 டாலர் அளவுதான் என்று அந்நாட்டின் பேச்சாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் வருத்தம் வேறு. 200 கடல் மைல் என்பது பாக் விரிகுடாவை ஒட்டுமொத்தமாக விழுங்கிவிடும் தொலைவு. நாட்டுப்படகுக்காரரின் பெயரைச் சொல்லிப் பெறும் விலக்கு, அவர் வலையை அறுக்கும் விசைப்படகுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடல் தரையில் விலக்குப் பெறுவதற்கு என்ன இருக்கும்?

அந்நியனை விரட்டினால் கடல் பிழைத்துவிடும் என்று நம்பிய நாடு ஒன்று உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்தது. 1960-களில் வெளிநாட்டுத் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்து வாரின. 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன். 1977-ல் கனடா தன் எல்லையை 200 கடல் மைலுக்கு நீட்டி அவற்றை வெளியேற்றியது. பிறகு அந்த இடத்தைத் தன் சொந்த இழுவைக் கப்பல்களால் நிரப்பியது, அரசே கடன் கொடுத்து. கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் சிறுத்துவிட்டது, வரத்துக் குறைந்துவிட்டது என்று சொன்னபோது, கப்பல்களின் கணக்கைப் பார்த்த அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்தத் தடை 2024-ல்தான் நீக்கப்பட்டது, அதுவும் சிறிய அளவு ஒதுக்கீட்டுடன்.

சிங்கப்பூரில் வாழும் எனக்குக் கடல் சட்டத்தைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. 200 கடல் மைல் உரிமையை உலகச் சட்டமாக்கிய ஐக்கிய நாடுகள் கடல் சட்ட மாநாட்டின் நிறைவுக் கட்டத்தில் தலைவராக இருந்தவர் நம் டாமி கோ. 1982 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைக் கடல்களின் அரசியல் சாசனம் என்று அவர் அழைத்தார். அந்த 200 மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல், உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதன் உயிர்வளத்தைக் காக்கும் ஒப்பந்தத்துக்கான பேச்சுக்கும் சிங்கப்பூர்க்காரர் ஒருவரே தலைமை தாங்கினார். 2023 மார்ச் 4 இரவு நியூயார்க்கில், தூங்காமல் நடந்த கடைசிச் சுற்றின் முடிவில், ரீனா லீ கண் கலங்க, "கப்பல் கரை சேர்ந்துவிட்டது" என்று அறிவித்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்தக் கப்பல் கரை சேர்ந்த இடத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். பொதுக்கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க அது வழி செய்கிறது. எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் முன்போலவே வட்டார மீன்பிடி அமைப்புகளிடம் இருக்கிறது. நம் பக்கத்தில் அது சீஷெல்ஸில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். எங்கள் மேசையில் இருந்த வஞ்சிரமும் அதன் கண்காணிப்பில் உள்ள மீன்தான். மீள்வதைவிட வேகமாக அது பிடிக்கப்படுகிறது என்று ஆணையத்தின் மதிப்பீடுகள் சொல்லியிருக்கின்றன. அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறினாலும், ஆட்சேபம் தெரிவிக்கும் நாட்டை அது கட்டுப்படுத்தாது. மஞ்சள்துடுப்புச் சூரையின் அளவைக் குறைக்க 2021-ல் கொண்டுவந்த தீர்மானத்துக்கு இந்தியாவும் இந்தோனேசியாவும் ஈரானும் ஓமானும் வேறு சில நாடுகளும் அப்படி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தன. ஒவ்வொன்றும் சொன்ன காரணத்தில் ஏழை மீனவர் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். உலகில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் இருப்புகள் 1974-ல் 10 விழுக்காடாக இருந்தன. 2021-ல் அது 37.7 விழுக்காடு என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

வாங்குகிறவர்களாகிய நாம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறோம்? என் தந்தை ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் வேலை செய்தவர். அது 1969-ல் திறக்கப்பட்டது; அவர் அடுத்த ஆண்டே சேர்ந்தார். பள்ளி விடுமுறையில் ஒருமுறை, எனக்குப் பத்து வயது இருக்கும், நள்ளிரவுக்குப் பின் என்னை அங்கே கூட்டிப்போனார். ஈரத் தரை, பனிக்கட்டி அரைக்கும் சத்தம், மலாயும் ஹொக்கியனும் தமிழும் கலந்த ஏலக் குரல்கள். ஒரு வரிசையில் வஞ்சிரம் கிடத்தியிருந்தார்கள். அப்பா என்னை ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, என் நெஞ்சு உயரத்துக்கு அது நீளமாக இருப்பதைக் கையால் அளந்து காட்டிச் சிரித்தார். அன்றைக்கு அது சாதாரணப் பெட்டி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்ற மாதம் தேக்காவில் நான் வாங்கிய வஞ்சிரம் என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தது, மீன்காரர் அதையே "பெரிய மீன் அண்ணே" என்று சொல்லி எடுத்துக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்த்த மீன்களில் அது பெரியதுதான். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் இதை விளக்கினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட கடலையே முழுக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது, குறைவை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. என் தந்தையின் கை அளவு என்னோடு போய்விடும். பையனின் கை அளவு சங்காயக் குவியலில் தொடங்குகிறது.

அந்தப் புத்தாண்டு வாரத்தில் தேக்காவில் வாவல் மீன் விலை கேட்டுவிட்டுப் பலர் நகர்ந்துகொண்டிருந்தார்கள். சீனக் குடும்பங்களின் விருந்து மேசையில் முழு வாவல் இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் விலை ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. நான் மீன்காரரிடம் வஞ்சிரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மலேசியா, இந்தோனேசியா, சில நாள் இந்தியா. லாரியில வரும், பெட்டியில வரும். எந்தக் கடல்னு யாரு எழுதுறா அண்ணே?" என்றார். அவர் செதில் நீக்கிக்கொண்டே சொன்ன இந்தப் பதிலைவிட நேர்மையான பதிலை நான் எந்தப் பேரங்காடியிலும் பெறவில்லை. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. சிங்கப்பூர் உணவு அமைப்பு மீனின் பாதுகாப்பைச் சோதிக்கிறது. பாதரசம், பார்மலின், கெட்டுப்போன மீன் இவற்றுக்கெல்லாம் கண் இருக்கிறது. அந்த மீன் எந்த வலையில், எந்தத் தரையைச் சுரண்டிக்கொண்டு, யாருடைய உழைப்பில் ஏறியது என்று சொல்லும் எழுத்து எதுவும் சந்தைப் பெட்டியில் இல்லை. இரண்டு கடல் ஒப்பந்தங்களுக்குத் தலைமை தாங்கிய நாடு, தன் சந்தைக்குள் வரும் மீனுக்குப் பிடித்த இடத்தையும் பிடித்த முறையையும் எழுதச் சொல்ல முடியும் என்று நான் நம்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்கிறது. 2015-ல் தாய்லாந்துக்கு அது மஞ்சள் அட்டை காட்டி, ஏற்றுமதி நின்றுவிடும் என்று எச்சரித்த பிறகுதான் அந்நாடு படகுப் பதிவையும் கடலில் கொத்தடிமைகளாக இருந்தவர்களின் நிலையையும் பார்க்கத் தொடங்கியது. வாங்குகிற கைக்கு அந்த வலிமை உண்டு. நம்முடையது சிறிய சந்தை என்பதால் மட்டும் அது இல்லாமல் போய்விடாது.

பண்ணை மீன் வாங்கினால் கடல் தப்பிக்கும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஜொகூர் நீரிணையின் கூண்டுகளில் வளரும் கொடுவாயை நானும் வாங்குகிறேன். கொடுவாய் இறைச்சி தின்னும் மீன். அதன் தீவனத்தில் மீன்தூள் இருக்கும், அந்தத் தூளுக்கு எங்கோ ஒரு கரையில் சங்காயம் காயும். இப்போது நான் பெரும்பாலும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் வாங்குகிறேன். விரைவாக வளர்ந்து விரைவாகப் பெருகும் மீன்கள். வஞ்சிரம் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்காக வாங்கியது.

அந்த விருந்தாளிகளைப் பற்றிச் சொல்லவந்ததை முடிக்கவில்லை. அக்கா கேட்ட கேள்விக்குப் பிறகு பையன் வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "அப்பாவுக்கு வேற தொழில் தெரியாதும்மா. நான் இங்க வந்ததே, அவரு போறத நிறுத்தணும்னுதான். இன்னும் கடன் அடையல" என்றான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தைச் சொன்னான். அக்கா, "எங்கட ஊரிலயும் றோலர், இழுவைப் படகு, வச்சிருந்தவை இருக்கினம், தம்பி. அவையளுக்கும் நாங்கள் ஏசினாங்கள்தான். உன்ர அப்பாவில எனக்குக் கோவம் இல்லை" என்று சொல்லி, மீனின் நடுத்துண்டை அவன் தட்டில் வைத்தார். உரிமையாளர் யார் என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தேநீர் குடித்த பிறகு அக்கா பேசாலைக்குத் தம்பியை அழைத்தார். காணொளி அழைப்பு. கரையில் நின்றிருந்தார் அவர். பின்னால் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன, அவற்றின் மேல் நீல வலை குவிந்து கிடந்தது. பையன் தன் முகத்தைக் காட்டி வணக்கம் சொன்னான்; எந்த ஊர் என்று கேட்டதும் சொன்னான். அந்தப் பக்கம் சற்று அமைதி. "இங்க காத்து நல்லா இருக்கு. மீன் இருக்கிற மாதிரித்தான் கிடக்கு" என்றார் அக்காவின் தம்பி. நாளைக்குப் போவீர்களா என்று கேட்டேன். அவர் வலைக் குவியலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் திங்கள் எல்லோ" என்றார்.